ஒவ்வோர் ஐந்தாவது குடும்பமும்

ஒரு பிடி அரிசி அள்ளிக்கொண்டு வா என்றால் மூட்டையோடு தூக்கிக்கொண்டு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அக்கா அந்த இனம். அவரைப் போய் சாம்பிள் எடுத்து வரச் சொன்னது எங்கள் கல்லூரி விட்ட பிழை என்று பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது அக்கா விட்ட பிழை என்று அவருடைய முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன். இரண்டு அபிப்பிராயத்தையும் நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

நாங்கள் இருவரும் தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத்காரர்கள். கல்லூரி குரொய்டன் பக்கம். கீழே கோழி பொரிக்கிற கடை, மேல்மாடியில் வணிக முகாமைத்துவப் பட்டம். வேலையும் பிள்ளைகளும் உள்ளவர்களுக்கென்றே நடத்துகிற சனிக்கிழமைப் படிப்பு. ருமேனியர், வங்காளிகள், சோமாலியர், நாங்கள் என்று வகுப்பு நிறைந்திருக்கும். பின்னேரம் இறங்கி வரும்போது எல்லோருடைய சட்டையிலும் ஒரே கோழி மணம்தான்.

நான் ஒரு கம்பனியில் சம்பளப் பகுதியில் இருந்தேன். பட்டம் இல்லாமல் உனக்கு மேலே இடமில்லை என்று மனேஜர் சொன்னதால் ரோசத்தில் வந்து சேர்ந்தவள். அக்கா மன்னார்க்காரி, கத்தோலிக்கர். முதியோர் இல்லத்தில் வேலை, ஒரு மகள். சமையலில் கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும். ஒருநாள் சொந்தமாகச் சாப்பாட்டு வியாபாரம் தொடங்கவேண்டும், அதை முறையாகப் படித்துவிட்டுத் தொடங்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். 'அக்கா' என்று நான் கூப்பிட்டாலும் என்னைவிட அதிகம் மூப்பில்லை. என்னை 'நீர்' என்றுதான் சொல்லுவார்.

அவருடைய குணத்தை முதலில் ஒரு கேக்கில்தான் கண்டேன். ஒரு ருமேனியப் பெண்ணுக்குப் பிறந்தநாள். தன் மேசையில் இருந்த நாலைந்து பேருக்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு கேக் வாங்கி வந்திருந்தாள். அக்கா கேட்டுக் கேள்வியில்லாமல் கத்தியை எடுத்தார். வகுப்பு முழுவதற்கும் வெட்டினார். பிறகு வரவேற்பில் இருக்கிற பிள்ளைக்கு, வாசல் காவலாளிக்கு, அடுத்த வகுப்புக்கு நேரத்தோடு வந்து நடையில் நின்றவர்களுக்கு. என் கைக்கு வந்தது நகத்தளவு.

"இது கேக் இல்லையக்கா, உங்கட கோயில்ல நாக்கில வைக்கிற அப்பம்" என்றேன்.

"வாயில வைக்க இருந்தாக் காணும். ஆரையும் பாத்துக்கொண்டு நிக்க விடப்படாது" என்றார், விரலில் ஒட்டிய கிரீமைக்கூடச் சுவைக்காமல் துடைத்துக்கொண்டு.

முதல் வருடத்திலேயே புள்ளிவிபரவியல் வந்தது. சராசரி, விலகல், நிகழ்தகவு, சாம்பிள். மற்றவர்கள் கணக்குக்குப் பயந்தார்கள். அக்கா கணக்குக்குப் பயப்படவில்லை, கணக்குத்தான் அவரைக் கண்டு பயந்தது. லெக்சரர் கானா நாட்டுக்காரர், பொறுமைசாலி. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அக்காவின் புண்ணியத்தில் அந்தக் கண்ணாடி வருடம் முழுக்கப் பளபளவென்று இருந்தது.

சாம்பிள் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த அவர் ஒரு பானை சூப்பைக் கொண்டு வந்தார், வாயால்தான். உப்புச் சரியா என்று பார்க்க ஒரு கரண்டி போதும், பானையைக் குடித்து முடிக்கத் தேவையில்லை என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அக்கா கையைத் தூக்கினார். அவருடைய ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் அதைப் பேச அவர் ஒருநாளும் கூசியதில்லை.

"பானையை நல்லாகக் கலக்கினால் ஒரு கரண்டி போதும் சேர். மனிதரை யார் கலக்குவது?"

லெக்சரருக்குச் சந்தோஷம். அதற்குத்தான் எழுமாற்று முறை இருக்கிறது, யாருக்கும் விசேஷம் கிடையாது, எண் விழுந்தவர் சாம்பிளுக்குள் வருவார் என்றார்.

"எண் விழாதவர்?"

"அவருக்காகவும் சாம்பிள் பேசும்."

"அவர் பேசச் சொன்னாரா?"

கண்ணாடி கழன்றது.

அந்த வருடப் பரீட்சையில் ஒரு கேள்வி. ஒரு கடை தன் வாடிக்கையாளரிடம் எடுத்த விபரம், அதில் சில பெட்டிகள் வெறுமையாக இருக்கும். பதில் தராதவர்களை விட்டுவிட்டுச் சராசரியைக் கணக்கிடுக என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்கு ஐந்து நிமிட வேலை. அக்கா அந்த வெறுமையான பெட்டிகள் யாராக இருக்கும், ஏன் பதில் சொல்லாமல் போயிருப்பார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தார். இரவு வேலைக்காரராக இருக்கலாம், ஆங்கிலம் தெரியாதவராக இருக்கலாம், கடைக்காரனில் கோபமாக இருக்கலாம். மற்றக் கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. விழுந்தார். மறுபடி எழுதினார், மறுபடியும் ஏறக்குறைய அதே கதை. நியம விலகல் கணக்கை என்னைவிட விரைவாகச் செய்கிற மனுசி இப்படி விழுந்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

மற்றப் பாடங்களெல்லாம் தேறி, இந்த ஒன்றை மட்டும் கடைசி வருடம்வரை இழுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் தரமும் விழுந்தால் பட்டம் இல்லை, அது கல்லூரியின் சட்டம். நல்ல காலமாக அந்த வருடம் பரீட்சைக்குப் பதிலாக ஒரு அசைன்மென்ட் என்று மாற்றினார்கள். ஒரு வியாபாரக் கேள்வியை எடு, ஆட்களின் பட்டியல் ஒன்றிலிருந்து முறைப்படி சாம்பிள் எடு, கேள், கணக்கிடு, உன் விடையில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொல். இவ்வளவுதான். இதில் விழுவதற்கு வழியே இல்லை என்று நான் நினைத்தேன்.

அக்காவின் கேள்வியும் நல்ல கேள்விதான். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் மத்தியானச் சோத்துப் பார்சல் விற்றால் சனம் வாங்குமா? பங்குச் சுவாமியிடம் கேட்டு, தமிழ்ப் பூசைக்கு வருகிற குடும்பங்களின் பட்டியலையும் வாங்கிவிட்டார். ஒவ்வோர் ஐந்தாவது குடும்பத்தையும் கேட்கவேண்டும். என்னிடம் கார் இருந்தது. நான் சைவக்காரி, பூசைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. என்றாலும் இந்த முறை இவரைக் கரை சேர்த்தே தீருவது என்று சாரதியாகப் போனேன்.

காரியம் பிழைத்தது இரண்டாவது வீட்டில். கோயிலுக்கு வருகிற ஒரு அண்ணன் தம்பியில், எண் விழுந்தது தம்பியார் வீட்டுக்கு. அதே தெருவில் நாலு கதவு தள்ளி அண்ணை வீடு, அது விழவில்லை. நாங்கள் தம்பியார் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு காரில் ஏறவும் அக்காவின் போன் அடித்தது. அண்ணையின் மனைவி. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பியார் வீட்டுக்கு வந்திட்டு எங்கட வாசலைத் தாண்டிப் போறியளாம். நாங்கள் என்ன செத்துப்போனமோ?"

"ஐயோ இல்லை மச்சாள். இது படிப்பு விசயம். ஆரிட்டப் போறதெண்டு கம்பியூட்டர்தான் எடுத்தது."

"கம்பியூட்டருக்கு எங்களைப் பிடிக்காதோ?"

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? நம்முடைய ஆட்களுக்கு வீடு தேடி வந்து ஒன்றைக் கேட்பது என்றால் அது கலியாணத்துக்குச் சொல்லுகிற மாதிரி. மூத்தவர் வீட்டுக்கு முதலில் போகவேண்டும். ஒரு வீட்டை விட்டால் அந்தப் பக்கமே முகம் திருப்பும். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அது நடந்தே விட்டது. அக்கா 'ஸ்தோத்திரம்' சொல்லச் சொல்ல நாலைந்து குடும்பம் பைக்குள் கார்த் திறப்பைத் தேடுகிற சாட்டில் குனிந்துகொண்டு போனது. முதலில் போன வீடுகளெல்லாம் பெரிய இடமோ என்று ஒருவர் காதில் விழும்படியே கேட்டார்.

எனக்குச் சிரிப்பு. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காருக்குள் வந்து பெல்ட்டைப் போட்டார்.

"எல்லா வீட்டுக்கும் போவம்" என்றார்.

"விசரே உங்களுக்கு? ஐந்தில ஒண்டைத்தானே கேக்கச் சொன்னவை."

"சொன்னவை இஞ்ச வந்து இந்தச் சனத்தோட இருக்கப்போறேல்ல. நீர் காரை எடும்."

எல்லா வீட்டுக்கும் போனோம். மூத்தவர் வீடு முதலில், இளையவர் பிறகு. கோபித்துக்கொண்ட அண்ணை வீட்டில் இரண்டு தரம் தேத்தண்ணி குடித்தோம், ஒன்று வந்ததற்கு, மற்றது சமாதானத்துக்கு. எனக்குக் கட்லட்டைக் கண்டாலே நெஞ்செரியத் தொடங்கியது. பதில்களும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "நீங்கள் செய்து நாங்கள் வாங்காமல் விடுவமோ?"

நானாக இருந்தால் 'ஓம்' என்று புள்ளடி போட்டுவிட்டு எழும்பியிருப்பேன். அக்கா விடவில்லை. "நான் இல்லை. முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தி வித்தா வாங்குவியளோ?" என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகுதான் சனம் யோசித்தது. பூசை முடிய வேலைக்கு ஓடவேண்டும் என்றார்கள், பிள்ளைகள் பீட்சா கேட்கும் என்றார்கள். தனியாக இருக்கிற ஒரு கிழவர் மட்டும் முதல் கேள்விக்கே உண்மையைச் சொன்னார்.

"வாங்கமாட்டன். உம்மட கறியில உப்புக் கூட."

அக்கா எழும்பி நின்று அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். காருக்குள் வந்தும் அதே சிரிப்பு. அன்றைய நாளுக்கு ஒரு நேர்மையான மனிதரைக் கண்டுவிட்டாராம்.

பட்டியலில் ஒரு பெயர் மிச்சமில்லாமல் கேட்டு முடித்து, அழகாகக் கணக்குப் பண்ணி, அறிக்கையை எழுதினார். 'பிழைக்கு இடம் எவ்வளவு' என்ற கடைசிப் பகுதியில் அவர் எழுதியிருந்தது: பிழைக்கு இடமில்லை, ஒருவரும் விடப்படவில்லை.

லெக்சரர் அதைச் சமர்ப்பிப்பதற்கு முன் வரைவாகப் பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். கோபமாகப் பேசவில்லை, கெஞ்சினார் என்றுதான் சொல்லவேண்டும். வேலை அருமையான வேலை, ஆனால் இது சாம்பிள் பற்றிய பாடம், பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் சாம்பிளுக்குத்தான், அந்த இடத்தில் பூச்சியம் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை, நான் திருத்துகிற தாளை இன்னொருவர் திரும்பத் திருத்துவார் என்றார். பிறகு வழியும் சொன்னார். உங்களிடம் எல்லாம் இருக்கிறதே, அதில் ஒவ்வோர் ஐந்தாவது குடும்பத்தை மட்டும் எடுங்கள், மற்றதை ஒதுக்கி வையுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் தாருங்கள், தேறிவிடுவீர்கள்.

"ஒதுக்கி வைக்கிறது என்றால்?"

"அறிக்கையில் சேர்க்கவேண்டாம். கேட்காததுபோல."

அக்கா யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நன்றி சேர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அன்று அவருடைய வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, மடிக்கணினியை மடியில் வைத்து நானே அந்தக் கணக்கைச் செய்தேன். ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்தேன். வந்த விடை முழுப் பேரையும் கேட்ட விடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சாம்பிள் என்றால் அதுதானே. எனக்கு ஒரே புளுகம், துள்ளாத குறை.

"பாருங்கோக்கா. அதே விடைதான். மிச்சச் சனத்தைக் கேட்டதில ஒரு மாற்றமும் வரேல்ல. இதை அப்பிடியே குடுங்கோ, பட்டம் கையில."

அவர் திரையை நன்றாகப் பார்த்தார். கணக்குச் சரிதான் என்றார். பிறகு, வெளியே பார்த்துக்கொண்டு, தன் தாயைப் பற்றி முதன்முதலாக என்னிடம் சொன்னார்.

"அம்மா மன்னாரில செத்தவ. மூத்தண்ணை கனடாவில, சின்னண்ணை பிரான்சில, தங்கச்சி ஊரில. மூண்டு பேரும் போனில கதைச்சு, அடுத்த நாளே அடக்கம் எண்டு முடிவெடுத்திட்டினம். நான் வேலையில, போன் லொக்கருக்குள்ள. வெளியில வந்து எடுத்தா, எல்லாரும் ஓமெண்டாச்சு எண்டு சொல்லுகினம்."

"நீங்கள் போகும்வரைக்கும் வச்சிருந்திருக்கலாம்தானே" என்றேன்.

"இல்லை. அந்த வெயிலுக்கு வச்சிருக்கேலாது. என்னைக் கேட்டிருந்தா நானும் ஓமெண்டுதான் சொல்லியிருப்பன். அதே விடைதான் வந்திருக்கும். ஆனா என்னைக் கேக்கேல்ல."

அது எனக்கு விளங்கியது. ஆனாலும் கோபம் போகவில்லை, உண்மையைச் சொன்னால் இன்னும் கூடியது. அண்ணன்மார் செய்ததற்கு உங்கள் பட்டத்தையா பலி கொடுக்கிறீர்கள், இத்தனை வருடச் சனிக்கிழமைகளை யார் திருப்பித் தரப்போகிறார்கள் என்று கத்தினேன். சனத்துக்கு இந்தத் தாளில் தங்கள் பதில் இருக்கா இல்லையா என்று தெரியவே போவதில்லை என்றேன்.

"எனக்குத் தெரியும். அவையின்ர கதிரையில இருந்து, அவையின்ர தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, கேக்காத மாதிரி எழுத என்னால ஏலாது. விழுத்தினா விழுத்தட்டும்."

காரிலிருந்து இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போனது, ஒரு எழுத்தும் மாறாமல். விழுத்தினார்கள். கல்லூரியில் ஒரு குழுவாக இருந்து அவரைக் கூப்பிட்டு, விசேஷ காரணம் ஏதும் உண்டா, சுகவீனம், குடும்பத்தில் கஷ்டம் என்று கேட்டார்களாம். ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் இன்னொரு தரம் கொடுத்திருப்பார்கள். ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன், தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பட்டம் பெறுபவர் பட்டியலிலிருந்து பெயர் போனது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் எழும்பி நின்று, இவ்வளவு பேர் வாங்குவார்கள், இவ்வளவு பேர் வாங்கமாட்டார்கள், வாங்காதவர்கள்தான் அதிகம், ஆகவே கடை போடவில்லை என்று சனத்துக்கே முடிவைச் சொல்லிவிட்டு இருந்தாராம். இதையெல்லாம் நான் பிறத்தியார் சொல்லித்தான் அறிந்தேன். அப்போது நாங்கள் கதைப்பதில்லை. கோபித்தது நான்தான், அவர் இல்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுக்கு இரண்டு விருந்தினர் சீட்டுத் தந்தார்கள். ஒன்று என் கணவருக்கு. மற்றதை என்ன செய்வது என்று இரண்டு நாள் கையில் வைத்திருந்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ஓம், வாறன்" என்றார். "எத்தினை மணிக்கு?"

மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் வந்தார். மண்டபத்தில் ஒவ்வொருவருடைய பெயரும் வாசிக்க வாசிக்க அவரவர் வீட்டார் மட்டும் கை தட்டினார்கள், விசிலடித்தார்கள், பிறகு போனைப் பார்த்தார்கள். அக்கா எல்லோருக்கும் தட்டினார். எங்கள் வகுப்பு முடிந்து மற்ற வகுப்புகள் வந்தன. முகம் தெரியாத பிள்ளைகளுக்கும் அதே தட்டுத்தான். இவருக்கு இத்தனை பிள்ளைகளா என்று முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்ததாகக் கணவர் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் எங்கள் வகுப்பைப் படத்துக்கு அடுக்கினார்கள். கறுப்புக் கவுண், சதுரத் தொப்பி. ஓரமாக லெக்சரர் சிவப்புக் கவுணோடு நின்றார். அக்கா கீழே விருந்தினரோடு நின்றவர், சேலைக் கொய்யகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்து நடு வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றார்.

படம் எடுக்கிற இளைஞர் கையை அசைத்தார். "விருந்தினர் தயவுசெய்து ஒதுங்கி நில்லுங்கள். இது வகுப்புப் படம்."

அக்கா அசையவில்லை.

"மடம், கவுண் போட்டவர்கள் மட்டும்."

"வகுப்புப் படம்தானே? நான் இந்த வகுப்பு" என்றார் அக்கா, அந்த உடைந்த ஆங்கிலத்தில், கடைசிப் படிவரை கேட்கும்படி.

இளைஞர் எங்களைப் பார்த்தார், யாராவது இந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று. பிறகு தனியாக எடுப்போம் வாங்கோ அக்கா என்று எனக்கு வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கினேன். அவருடைய கை என் கையைப் பிடிக்கவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. நாடியை நிமிர்த்திக்கொண்டு காமராவையே பார்த்தபடி நின்றார். ருமேனியப் பெண் இறங்கவில்லை, சோமாலியர் இறங்கவில்லை. லெக்சரர் ஓரத்திலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு ஏறி வந்து, அக்காவின் மற்றப் பக்கத்தில் நின்றார்.

"எடுங்கள்" என்றார்.

அக்கா இப்போது மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். படம் எங்கள் முன்னறைச் சுவரில் இருக்கிறது. கறுப்புக் கவுண்களுக்கு நடுவில் மாம்பழச் சேலை, எல்லோரும் சிரிக்க அவர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். யாருடைய அம்மா இவ, தெரியாமல் வந்து படத்துக்குள் விழுந்துவிட்டாவோ என்று கேட்பார்கள்.

"இல்லை" என்பேன். "அவ எங்கட வகுப்பு."